ஓடுகிற ஆம்புலன்ஸும் நிற்கிற ஆம்புலன்ஸும்

2021 மே மாதம் எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குழுவில் அதிகம் எழுதப்பட்டது இரண்டே வார்த்தைகள்: "இன்னொண்ணு போகுது." விடிகாலையில் பால் பாக்கெட் எடுக்கப் போனவர் எழுதுவார். மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர் எழுதுவார். நடுராத்திரியில் தூக்கம் வராமல் புரண்டவர் எழுதுவார். எது போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

நாங்கள் இருப்பது அமைந்தகரையில், பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில். மேற்கே கோயம்பேடு, மதுரவாயல், பூந்தமல்லி. கிழக்கே கொஞ்ச தூரத்தில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதையும் தாண்டிப் போனால் சென்ட்ரலுக்கு எதிரே ஜி.ஹெச். என்று எல்லோரும் சொல்லும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. சென்னையின் மேற்குப் பக்கத்தில் யாருக்கு மூச்சு முட்டினாலும், அவர்களை ஏற்றிய வண்டி எங்கள் தெருமுனையைக் கடந்துதான் பெரும்பாலும் போக வேண்டும்.

அந்த மாதத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நீண்ட நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். சோகக் கதைகள் நிறைய எழுதப்பட்டுவிட்டன. நான் எழுத நினைத்தது வேறு. அத்தனை ஆம்புலன்ஸ்களைப் பார்த்தோமே, அவை உண்மையில் நமக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தன? பயந்ததோடு சரியா, அல்லது அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டோமா?

காதில் விழுந்தது எவ்வளவு நிஜம்?

முதலில் ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். மே 10-ஆம் தேதி முழு ஊரடங்கு தொடங்கியது. ஆரம்பத்தில் மளிகைக் கடைகள் மதியம் வரை திறந்திருந்தன, பிறகு காலை பத்து மணியோடு மூடச் சொன்னார்கள், 24-ஆம் தேதியிலிருந்து அதுவும் இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரைச்சல் எப்படிப்பட்டது என்று அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும். பல்லவன் பஸ், தண்ணி லாரி, கோயம்பேட்டுக்குப் போகும் ஆம்னி பஸ், ஆட்டோ ஹாரன் எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஓயாது. சாதாரண நாளில் அந்த இரைச்சலுக்குள் எத்தனையோ சைரன்கள் அமுங்கிப் போயிருக்கும். சாலை காலியான பிறகு, எங்கோ நெல்சன் மாணிக்கம் சாலைப் பக்கம் போகும் வண்டியின் சத்தம்கூட எங்கள் படுக்கையறைக்குள் வந்தது.

அடுத்தது, போகிற வண்டி திரும்பியும் வரும். ஒரே வண்டியை இரண்டு முறை பார்த்து இரண்டு என்று கணக்கு வைத்தவர்கள் உண்டு. போகிற எல்லாமே கொரோனா கேஸும் கிடையாது. பெருந்தொற்று வந்தது என்பதற்காகப் பிரசவ வலி நின்றுவிடாது. டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் போய்த்தான் ஆக வேண்டும். பஸ்ஸும் ஆட்டோவும் ஓடாத நாட்களில், வழக்கமாக ஆட்டோவில் போகும் நோயாளிகூட ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். எங்கள் சாலையில் ஓடிய வண்டிகளை வைத்து "நம்ம ஏரியாவுல இவ்ளோ பேருக்கா?" என்று கேட்டதும் சரியான கேள்வி இல்லை. ஆவடியில் இருந்து வந்தவரும் பூந்தமல்லியில் இருந்து வந்தவரும் அந்தக் கணக்கில் இருந்தார்கள்.

இவ்வளவையும் கழித்த பிறகும் காது பொய் சொல்லவில்லை. மே 12 அன்று சென்னையில் மட்டும் ஒரே நாளில் 7,564 பேருக்குத் தொற்று உறுதியானது. மே 21 அன்று தமிழ்நாடு முழுவதும் 36,184. இரண்டு அலைகளிலும் சேர்த்து அதுதான் அதுவரை இல்லாத உச்சம். ஆனால் காதில் விழுந்த சத்தத்துக்கும் இந்த எண்களுக்கும் நடுவே ஒரு காலதாமதம் இருந்தது. காய்ச்சல் ஆரம்பித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் பலருக்கு மூச்சு வாங்கத் தொடங்கும். இன்று கேட்கும் சைரன் போன வாரத்துக்கும் முந்தைய தொற்றின் செய்தி. அதனால்தான் புதிய தொற்றுகள் 21-ஆம் தேதிக்குப் பிறகு இறங்க ஆரம்பித்தும், மே கடைசி வாரத்தில் மாநிலத்தில் தினமும் 450-க்கும் மேற்பட்ட மரணங்கள் அறிவிக்கப்பட்டன. "டி.வி.யில குறையுதுன்னு சொல்றான், இங்க குறையவே இல்லையே" என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். இரண்டுமே உண்மையாக இருந்தன.

அதே வண்டி, வேறு செய்தி

2020-இல் வந்த ஆம்புலன்ஸும் 2021-இல் வந்த ஆம்புலன்ஸும் ஒன்றல்ல.

முதல் ஆண்டில், குறிப்பாகக் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவிய ஏப்ரல் கடைசி, மே மாதங்களில், பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தாலே வண்டி வந்துவிடும். சந்தையை மே 5 அன்று மூடி திருமழிசைக்கு மாற்றினார்கள். மூட்டை தூக்கியவர்கள், சில்லறைக்குக் காய் வாங்கி விற்றவர்கள் என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேர் அந்தச் சந்தையை நம்பிப் பிழைத்தவர்கள். அவர்களில் பலருக்கு உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. மனிதர் நன்றாக நடந்து வந்து, கையில் ஒரு கட்டைப் பையோடு, தானே வண்டியில் ஏறி உட்கார்ந்து போவார். பின்னாலேயே மாநகராட்சி ஆட்கள் வந்து பிளீச்சிங் பவுடர் போடுவார்கள், நோட்டீஸ் ஒட்டுவார்கள், சில வீடுகளில் வாசலையே தகரம் வைத்து அடைத்தார்கள். அந்த வருடம் ஆம்புலன்ஸ் என்றால் அடையாளப்படுத்தப்படுவது. வியாதியைவிட அக்கம்பக்கத்தார் பார்வைக்கே பயந்தவர்கள் அதிகம். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லிக் கெஞ்சி, இரவில் நடந்து போய் ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

அந்தப் பயம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு எங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2020 ஏப்ரல் 19 இரவு, கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யக் கொண்டுவந்தபோது, கூட்டம் கூடிக் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் உடைந்தது, ஓட்டுநர்கள் காயப்பட்டார்கள். கடைசியில் அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவரே வண்டியை ஓட்டிப் போய் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. அதன் பிறகுதான், அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மனிதர்களின் உயிரைக் காப்பாற்றிய ஒருவரை ஏற்றி வந்த வண்டியின் மீது கல் விழுந்த ஊர் இது என்பதை நாம் மறக்கக்கூடாது.

2021-இல் வண்டி வந்தால் பொருள் வேறு. லேசான தொற்று என்றால் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, 94-க்குக் கீழே போனால் மருத்துவரைப் பார், 90-க்குக் கீழே போனால் உடனே மருத்துவமனை என்பது வீட்டுக்கு வீடு மனப்பாடம் ஆகியிருந்தது. அந்த நிலையில்தான் வண்டியைக் கூப்பிட்டார்கள். நடந்து வந்து ஏறிய காலம் போய், தூக்கிக்கொண்டு வர வேண்டிய காலம் வந்தது.

எதிர் வீட்டு மாடிப்படி

எங்கள் எதிர் வீட்டு முதல் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் டீச்சர். ஒரு நாள் மதியம் அவர் மகன் 108-க்குப் போன் செய்தார். வண்டி தெருவுக்குள் நுழைந்தபோதுதான் எங்கள் தெருவின் லட்சணம் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு பக்கமும் பைக். ஒரு பக்கம் மாதக்கணக்கில் எடுக்காத கார், அதன் மேல் தார்ப்பாய். வண்டியைத் திருப்ப இடம் இல்லாமல், பைலட் தெருமுனைக்குப் போய் ரிவர்ஸிலேயே உள்ளே வந்தார். 108-இல் ஓட்டுநரைப் பைலட் என்றுதான் சொல்வார்கள். நான்கைந்து பையன்கள் ஓடிப்போய் பைக்குகளைத் தூக்கித் தூக்கி ஓரம் வைத்தார்கள்.

கூட வந்த மருத்துவ உதவியாளர் சின்னப் பையன். கத்திரி வெயில். உடம்பு முழுக்க பிபிஇ உடை, கண்ணாடிக்குள் வேர்வை வழிவது கீழே நின்ற எங்களுக்கே தெரிந்தது. ஸ்ட்ரெச்சர் மாடிப்படித் திருப்பத்தில் திரும்பவில்லை. மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், "கை வெச்ச பிளாஸ்டிக் சேர் இருக்கா சார், நல்லா கெட்டியா?" என்று கேட்டார். டீச்சரை நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, பைலட் முன்னால் பிடிக்க, இவர் பின்னால் பிடிக்க, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். டீச்சருக்கு ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டு, உதவியாளர் பேசிக்கொண்டே வந்தார். "மூக்கால இழுங்க டீச்சர், மெதுவா விடுங்க. பேச வேணாம். கைய மட்டும் ஆட்டுங்க, நான் புரிஞ்சிக்கிறேன்." மகனிடம், "சுகர் மாத்திரை, பழைய ரிப்போர்ட், ஆதார் எல்லாம் வெச்சிட்டீங்களா? போன் சார்ஜர் வைங்கண்ணே, அதுதான் ரொம்ப முக்கியம். உள்ள போயிட்டா உங்களால பாக்க முடியாது, போன்லதான் பேசணும்."

அவர் இதே வார்த்தைகளை அன்றைக்கு எத்தனை வீட்டு வாசலில் சொல்லியிருப்பார் என்று தெரியாது. ஆனால் முதல் தடவை சொல்வது போலத்தான் சொன்னார்.

டீச்சரை ஏற்றியாகிவிட்டது, வண்டி கிளம்பிவிட்டது, இனி பிழைத்துக்கொள்வார் என்றுதான் தெருவில் எல்லோரும் நினைத்தோம். இரவு ஒன்பது மணிக்கு மகனிடமிருந்து போன். டீச்சர் இன்னும் வண்டிக்குள்தான் இருக்கிறார். ஒரு பெரிய மருத்துவமனையின் வளாகத்தில் முன்னால் பத்துப் பதினைந்து வண்டிகள் நிற்கின்றன. உள்ளே ஒரு படுக்கை காலியானால்தான் வெளியே ஒரு வண்டி நகரும்.

வாசலில் நின்ற வரிசை

அந்த மே மாதத்தில் ஜி.ஹெச். வளாகத்தில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்ற படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. மருத்துவர்கள் வெளியே வந்து வண்டிக்குள்ளேயே நோயாளிகளைப் பார்த்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் "எவ்வளவு ஆம்புலன்ஸ்!" என்றார்கள். நான் அந்தப் படத்தில் பார்த்தது, அந்த நேரத்தில் வேறு எங்கோ ஒரு வீட்டில் 108-க்குப் போன் போட்டுக் காத்திருந்த இன்னொரு குடும்பத்தை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூப்பிட்ட இடத்துக்குப் போய், நோயாளியை ஏற்றி, மருத்துவமனையில் ஒப்படைத்து, வண்டியைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்து, மறுபடி தயாராவதற்கு இரண்டு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒரு வண்டி 12 பேரைக் கொண்டுசேர்க்கலாம். வாசலில் நான்கு மணி நேரம் நிற்க வேண்டி வந்தால்? ஒரு சுற்றுக்கு ஆறு மணி நேரம். ஒரு நாளைக்கு 4 பேர். வண்டி அதேதான், ஆட்கள் அதே ஆட்கள்தான், டீசலும் இருக்கிறது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஆம்புலன்ஸ் ஊரை விட்டே காணாமல் போன கதைதான். மாநிலம் முழுக்க 108-இல் சுமார் 1,300 வண்டிகள் அப்போது இருந்தன. இந்தியாவிலேயே பெரிய ஏற்பாடுகளில் ஒன்று. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய நாளிலிருந்து விபத்து, பிரசவம், மாரடைப்பு என்று எத்தனையோ லட்சம் பேரைக் கரை சேர்த்த ஏற்பாடு. அது தடுமாறியது சாலையில் அல்ல, மருத்துவமனை வாசலில்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆம்புலன்ஸில் பயன்படும் சிறிய பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். மூச்சுத் திணறல் அதிகமாகி 15 லிட்டர் தேவைப்பட்டால் 100 நிமிடம். அரை மணி நேரப் பயணத்துக்கு அது தாராளம். நாலு மணி நேரம் நிற்பதற்குப் போதாது. வரிசையில் நின்ற ஒவ்வொரு வண்டிக்குள்ளும், சிலிண்டரின் முள் இறங்குவதைப் பார்த்தபடி ஒரு உதவியாளர் உட்கார்ந்திருந்தார். டீச்சரின் மகன் சொன்னார்: "ரெண்டு தடவ சிலிண்டர் மாத்துனாங்க. பக்கத்து வண்டில இருந்து ஒண்ணு வாங்கித்தான் மாத்துனாங்க." அந்தப் பக்கத்து வண்டிக்காரரும் தன் நோயாளிக்கு எவ்வளவு தேவைப்படும் என்று கணக்குப் போட்டுத்தானே கொடுத்திருப்பார்!

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். ஊரடங்கு நாட்களில் சைரன் கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தது. அது இயல்பு. ஆனால் சைரன் கேட்கிறது என்றால், யாரோ போன் போட்டிருக்கிறார், யாரோ எடுத்திருக்கிறார், வண்டி வந்திருக்கிறது, ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார். ஓடுகிற ஆம்புலன்ஸ் நல்ல செய்தி. நாம் பயந்திருக்க வேண்டியது சத்தமே இல்லாமல் நின்ற ஆம்புலன்ஸுக்கு.

வரிசை எப்படிக் கரைந்தது

அந்த வரிசை தானாகக் கரையவில்லை. வண்டியை மட்டும் கூட்டியதாலும் கரையவில்லை. வாசலுக்கு வர வேண்டியவர் யார், வர வேண்டாதவர் யார் என்று பிரிக்க ஆரம்பித்த பிறகுதான் கரைந்தது. மாநகராட்சி பல இடங்களில் பரிசோதனை மையங்களைத் திறந்தது. பாசிட்டிவ் வந்தவர் நேராகப் பெரிய மருத்துவமனைக்கு ஓடாமல், முதலில் அங்கே போனால், ஆக்சிஜன் அளவு, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, வீடா, பராமரிப்பு மையமா, மருத்துவமனையா என்று சொல்வார்கள். அங்கே போய்வர டாக்சிகளைக் கார் ஆம்புலன்ஸாக மாற்றி ஓட்டினார்கள். நடக்க முடிந்த நோயாளிக்கு ஒரு காரே போதும். அதற்காக 108 வண்டி ஒன்றை முடக்க வேண்டியதில்லை என்ற எளிய புத்திதான்.

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒருங்கிணைந்த கட்டளை மையம் அமைந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி தாரேஸ் அகமது அதன் பொறுப்பில் இருந்தார். 104-க்குப் போன் செய்பவர்களுக்கும் ட்விட்டரில் கேட்பவர்களுக்கும் எங்கே படுக்கை இருக்கிறது என்று பார்த்துச் சொன்னார்கள். மே 14 இரவு முதல்வர் மு.க. ஸ்டாலின் அங்கே போய், வந்த அழைப்பு ஒன்றைத் தானே எடுத்துப் பேசியது செய்தியானது. அதே நாளில் துர்காபூரிலிருந்து முதல் ஆக்சிஜன் ரயில் தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஆக்சிஜன் வசதியோடு படுக்கைகள் போட்டார்கள். ஜி.ஹெச்.சில் வருகிறவர்களை வண்டியிலேயே காக்கவைக்காமல் உடனே இறக்கி ஆக்சிஜன் கொடுப்பதற்கென்றே தாமதமில்லா வார்டு ஒன்றைத் திறந்தார்கள். என்னைக் கேட்டால் அந்த மாதத்தில் எடுத்த மிக முக்கியமான முடிவுகளில் அது ஒன்று. ஒரு நோயாளியை இறக்கினால் அவருக்கு மூச்சு கிடைக்கிறது. வண்டி கிளம்பினால் இன்னொருவருக்கு உயிர் கிடைக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே வார்டு.

தனியார் ஆம்புலன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 108 கிடைக்காமல் ஆம்னி வேனைக் கூப்பிட்டவர்களிடம் வாய்க்கு வந்த தொகையைக் கேட்டவர்கள் இருந்தார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் பத்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்குக் கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டியது. பிறகு அரசு கட்டணத்தை நிர்ணயித்தது. சாதாரண ஆம்புலன்ஸுக்கு முதல் பத்து கிலோமீட்டருக்கு 1,500 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 25. ஆக்சிஜன் வசதி இருந்தால் 2,000, கூடுதல் கிலோமீட்டருக்கு 50. வென்டிலேட்டர் இருந்தால் 4,000, கூடுதலுக்கு 100. விலை என்ன என்று எழுத்தில் இருந்தால்தானே ஏழை எதிர்த்துக் கேட்க முடியும்? இதே நாட்களில், ஒரு பைசா வாங்காமல் இரவு பகலாக வண்டி ஓட்டியவர்களும் இருந்தார்கள். த.மு.மு.க. போன்ற அமைப்புகளின் தொண்டர்கள், சாதி மதம் பார்க்காமல் நோயாளிகளை ஏற்றினார்கள். சொந்தக்காரர்களே கிட்டே வரத் தயங்கிய உடல்களை அந்தந்தக் குடும்பத்தின் முறைப்படி அடக்கம் செய்தார்கள். அரசின் இலவச அமரர் ஊர்தியின் ஓட்டுநர்களுக்கும் ஓய்வு கிடையாது. பெயர் தெரியாத அவர்கள் எல்லோருக்கும் இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது.

டீச்சர் நள்ளிரவு தாண்டித்தான் உள்ளே போனார். பல நாட்கள் ஆக்சிஜனில் இருந்து, இளைத்துப் போய்த் திரும்பி வந்தார். தெருமுனைத் தையல்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவரும் இதேபோல ஒரு வரிசையில்தான் நின்றிருந்தார். உள்ளே சேர்த்த அன்றே போய்விட்டார். இன்னும் இரண்டு மணி நேரம் முன்னால் இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் மனைவி எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ஆனால் அது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தெருவில் நம்மால் முடிந்தது

டீச்சர் வீட்டுச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் உட்கார்ந்து பேசினோம். பேசியவை எல்லாம் சின்ன விஷயங்கள். வண்டிகளை ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவது. எடுக்காத காரை அப்புறப்படுத்துவது. மங்கிப்போன கதவு எண்களை இரவிலும் தெரிகிற மாதிரி எழுதுவது. யார் வீட்டுக்காவது வண்டி வருகிறது என்றால் குழுவில் ஒரு வரி போடுவது, உடனே ஒருவர் தெருமுனைக்குப் போய் நின்று வழிகாட்டுவது, இன்னொருவர் நாய்களை விரட்டிக் கேட்டைத் திறந்து லைட்டைப் போடுவது. கனமான, கை வைத்த நாற்காலி ஒன்றைக் கீழ்த்தளத்தில் எப்போதும் வைத்திருப்பது. வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, சார்ஜர் எல்லாம் ஒரே பையில் தயாராக வைப்பது.

இதெல்லாம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பைலட் ரிவர்ஸ் எடுக்கிற நேரம், கதவு எண் தேடுகிற நேரம், பை கட்டுகிற நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம் சுலபமாகத் தேறும். ஆக்சிஜன் அளவு எண்பதுகளில் இருப்பவருக்குக் கால் மணி நேரம் சின்ன விஷயம் இல்லை. கொரோனா முடிந்த பிறகும் எங்கள் தெருவில் இந்த ஏற்பாடு தொடர்கிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் ஊரடங்கு தேவையில்லையே.

சாலையில் வழிவிடுவது பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வழிவிடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். அபராதத்துக்குப் பயந்து ஒதுங்கினாலும் சரி, உள்ளே இருப்பவரை நினைத்து ஒதுங்கினாலும் சரி, ஒதுங்கினால் போதும்.

ஆனால் சாலையில் நாம் விடும் வழியும், தெருவில் நாம் மிச்சம் பிடிக்கும் நிமிடங்களும் மருத்துவமனை வாசலில் போய் வீணாகக் கூடாது. அது நம் கையில் இல்லை, அரசின் கையில் இருக்கிறது. எத்தனை புது ஆம்புலன்ஸ்களைக் கொடியசைத்துத் தொடங்கிவைத்தோம் என்ற கணக்கு நமக்கு அடிக்கடி வருகிறது. அது நல்லதுதான், வண்டிகள் வேண்டும். அதோடு சேர்த்து இன்னொரு கணக்கும் எனக்கு வேண்டும். ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும், ஆம்புலன்ஸ் வந்து நின்றதிலிருந்து நோயாளியை இறக்கி வண்டி திரும்பக் கிளம்பும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது? அதை அளப்பது கஷ்டமான காரியம் இல்லை. வண்டிகள் எங்கே நிற்கின்றன என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். அந்த நிமிடங்களைத் தினமும் மக்களுக்குச் சொல்லுங்கள். தொற்று எண்ணிக்கையைத் தினமும் மாலையில் சொன்ன மாதிரி இதையும் சொல்லுங்கள். எந்த வாசலில் அது கூடுகிறதோ, அங்கே மருத்துவர்களையும் படுக்கைகளையும் கூட்டுங்கள். தையல்காரரின் மனைவி கேட்ட கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைக்காமல் போனது போகட்டும். இனி அப்படி ஒரு கேள்வி யார் வீட்டிலும் எழாமல் பார்த்துக்கொள்ள நமக்கு நேரம் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது.